பழைய வருஷப் புள்ளிகள்

இன்று மோர்னிங்சைட் பஸ்ஸில் பக்கத்தில் இருந்த ஆர்ஜன்டீனாக்காரருக்குச் செத்த வீட்டுக்குப் போய் வந்த முகம்.

அரைகுறை இங்கிலிஷில் கதைத்தோம்.

"எங்கட ஃபுட்போல் கிளப்பை இரண்டாம் பிரிவுக்கு இறக்கிப் போட்டாங்கள்."

"கடைசியா வந்ததோ?"

"இல்லை. கடைசியா வந்தது காசுக்காரக் கிளப். அங்கை மூண்டு வருஷப் புள்ளியின்ரை சராசரிதான் பாப்பினம். பழைய புள்ளி அவங்களைக் காப்பாத்திப் போட்டுது. நாங்கள் இந்த வருஷம்தான் மேல வந்தனாங்கள், எங்களிட்டைப் பழைய புள்ளி இல்லை."

"உது அநியாயம்" என்றேன். கையைக் குலுக்கிவிட்டு இறங்கினார்.

இந்தக் கிழமை என்னோடு இவ்வளவு கதைத்தவர் அவர்தான்.

பிறகுதான் யோசித்தேன். ஊரில் பல வருஷம் கணக்குப் படிப்பித்தவன் நான். இங்கே வேலைக்குக் கனடா அனுபவம் மட்டும்தான் கேட்கிறார்கள்.

எனக்கென்றால் அந்தச் சராசரி நல்லது போலத்தான் கிடக்கிறது.

நியாயமா இல்லையா, யாராவது இமெயிலில் பதில் போடுங்கள். அறையில் கேட்க ஆளில்லை.