ஜன்னலோர இடம் அக்காவுக்கு

இன்று காலை சூலியா தெருவில், ஒரு கடையின் மேல்மாடியில், யோகச் சக்கரங்களையும் மேல்நாட்டு உளவியலையும் சேர்த்து மனக்காயம் ஆற்றும் வகுப்புக்குப் போயிருந்தேன்.

தொண்டையில் இருக்கும் விசுத்திச் சக்கரம் அடைத்துக்கொண்டால், சொல்லாத பேச்செல்லாம் உள்ளேயே தங்கிவிடுமாம். அதைத் திறக்க உளவியலில் ஒரு வழி இருக்கிறது. எதிரே ஒரு காலி நாற்காலியைப் போட்டு, பேச முடியாமல் போனவர் அதில் இருப்பதாக நினைத்துப் பேச வேண்டும்.

நான் அக்காவை உட்கார வைத்தேன். அம்மாவின் கருமாதியில் வாய்ச்சண்டை முற்றிய பிறகு, மூன்று வருடமாக எங்களுக்குள் பேச்சில்லை.

நாற்காலியைத் தூக்கி என் பக்கத்தில் போட்டுக்கொண்டேன்.

வகுப்பு நடத்திய கவுன்சிலர் பார்த்துவிட்டார். “எதிர்ல வைங்கம்மா. முகத்தப் பார்த்துப் பேசணும் லா.”

“நாங்க எதிரெதிரா உக்காந்து பேசினதே இல்ல, மிஸ். பத்து வருசம் ஃபேக்டரி பஸ்ல பக்கத்துல பக்கத்துலதான்.”

“சரி, அப்படியே பேசுங்க.”

திட்டுவதற்கு நிறைய வைத்திருந்தேன். வந்தது இவ்வளவுதான்: “அக்கா, தூக்கம் வருது. பாயான் பாரு ஸ்டாப் வந்ததும் எழுப்பிவிடு.”

வீடு திரும்பும் பஸ்ஸில், பழைய பழக்கத்தில், ஜன்னலோரத்தை அக்காவுக்கு விட்டுவிட்டு உட்கார்ந்திருந்தேன். ஓர் அம்மா வந்து, “உள்ள காலியா?” என்று கேட்டார்.

“ஆள் வராங்க,” என்று சொல்லிவிட்டேன்.

அக்கா என்னை இங்கே இன்னும் பிளாக் செய்யவில்லை; இந்தப் பதிவு அவள் கண்ணிலும் படலாம். அதனால் நண்பர்களே, கமெண்ட் எவ்வளவு வேண்டுமானாலும் போடுங்கள். முதல் லைக்கை மட்டும் விட்டுவையுங்கள்.

ஆள் வராங்க.