கடலடிக் கோயிலும் முப்பத்தொரு நாளும்

நான் நயினாதீவில் பிறந்து நயினாதீவிலேயே வாழ்க்கைப்பட்டவள். நாலு பக்கமும் கடல். ஆனாலும் இந்த எழுபத்துநாலு வயது வரைக்கும் முழங்காலுக்கு மேலே கடல் தண்ணீரை ஏற விட்டதில்லை. நாங்கள் தோட்டம் செய்கிற ஆட்கள். கடல் என்றால் எங்களுக்கு, படகின் பள்ளத்தில் குனிந்திருந்து எலுமிச்சங்காயை மோந்துகொண்டு அக்கரையில் குறிகட்டுவானுக்குப் போய்ச் சேருகிற பாதை. அதற்குக் கீழே என்ன இருக்கிறது என்று எங்கள் குடும்பத்தில் ஒருவரும் விசாரித்ததில்லை. சட்டிக்குள் வந்த பிறகுதான் மீனோடு எங்களுக்கு அறிமுகம்.

அப்படிப்பட்ட நான் போன வருடம் கடலின் அடி வரைக்கும் போய்வந்தேன். கதிரையில் இருந்தபடியே.

மகளும் மருமகனும் கனடாவிலிருந்து நாலு கிழமை விடுமுறையில் வந்திருந்தார்கள். மகள் வந்த நாளிலிருந்து வீடு வீடாகப் போய் உறவு கொண்டாடிக்கொண்டிருந்தாள். மருமகன் கூச்சக்காரர். சிநேகிதன் ஒருவனிடம் இரவல் வாங்கிவந்த கறுப்புப் பெட்டி ஒன்றை எங்கள் ரீவியில் கொழுவிவிட்டு, நண்டின் ஓடு போல ஒரு சாமானை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு பேசாமல் இருப்பார். ரீவி முழுக்க நீலமாக இருக்கும். அதற்குள் ஒரு ஆள் நீந்திக்கொண்டிருக்கும்.

"உது என்ன தம்பி, படமோ?"

"இல்லை மாமி, கேம். கடலுக்கடியிலை சும்மா சுத்திப் பாக்கிறது."

"ஆர் வெல்லுறது?"

"ஒருத்தரும் வெல்லுறேல்லை. ஒருத்தரும் சாகிறதும் இல்லை."

"அப்ப என்னத்துக்கு?"

அவர், "பிடிச்சுப் பாருங்கோவன்," என்று அந்த நண்டை என் மடியில் வைத்தார்.

அதில் இருந்த கட்டையைத் தள்ளினேன். உள்ளே நின்ற ஆள் தொப்பென்று தண்ணீரில் குதித்தது. நான் காலைத் தூக்கிக் கதிரையில் வைத்து, சேலையையும் ஒதுக்கிக்கொண்டேன். நனையும் என்று நினைத்து அல்ல. கால் தன்பாட்டில் எழும்பியது. அதோடு மூச்சையும் பிடித்துவிட்டேன். அந்த ஆள் கீழே கீழே போக, நானும் விடவில்லை. என் கண் இருட்டிக்கொண்டு வருவதை மருமகன் கண்டுவிட்டார்.

"மாமி, மூச்சை விடுங்கோ! தண்ணி ரீவிக்குள்ளைதான்!"

இரண்டாம் நாள் எனக்கு மூச்சு விடப் பழகிவிட்டது. நாலாம் நாளிலிருந்து மருமகனுக்கு நண்டு கிடைக்கவில்லை.

அதில் எனக்கு மிகவும் பிடித்தது, எழுத்து இல்லாததுதான். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பேன். பஸ் பலகையோ மருந்துப் போத்தலோ, எதைக் கண்டாலும் யாரிடமாவது நீட்ட வேண்டும். அங்கே ஒருவரிடமும் நீட்டத் தேவையில்லை. வெளிச்சம் எந்தப் பக்கம் தெரிகிறதோ அந்தப் பக்கம் போனால் சரி. முழங்கால் நோவும் இல்லை. திருக்கை ஒன்று பாய் விரித்தது போல் தலைக்கு மேலால் போகும். நான் கையைக் காட்டுவேன்.

எங்கள் வளவு மதில் கடலில் எடுத்த முருகைக்கல்லால் கட்டியது. வெள்ளைக் கல், செத்த கல், மழை பெய்தால் பாம்பு வெளியே வருகிற கல். அதே கல் உயிரோடு ஊதாவும் மஞ்சளுமாகக் கிளை விட்டு நிற்பதை ரீவிக்குள்தான் முதன்முதலாகக் கண்டேன். அன்றைக்கு வெளியே போய் மதிலைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன். தடவியும் பார்த்தேன்.

குறை இல்லை என்று சொல்லமாட்டேன். மணம் இல்லை. மணம் இல்லாத கடல், கிணற்றுக்குச் சமம். கொழுத்த மீன் மூக்குக்கு முன்னால் வந்து நின்று ஆளைப் பார்க்கும், ஆனால் பிடிக்க ஏலாது. கையை நீட்டினால் கையைச் சுற்றி விளையாடும். எனக்கோ புளி எவ்வளவு விடலாம் என்று யோசனை ஓடும். எல்லாவற்றையும் விடக் கோபம், நேரே நீந்திக்கொண்டு போனால் ஓரிடத்தில் தண்ணீர் கறுத்து, நெஞ்சில் கைவைத்துத் தள்ளுவது போல ஆளைத் திருப்பி அனுப்பிவிடும்.

"அங்காலை என்ன தம்பி?"

"ஒண்டுமில்லை மாமி. செய்த ஆக்கள் அவ்வளவும்தான் செய்திருக்கினம்."

"கடலுக்கும் வேலி போட்டிருக்கினமோ! அப்ப எங்கடை ஊர் ஆக்கள்தான் செய்திருக்க வேணும்."

வேலி என்றதும் என் மச்சாளைச் சொல்ல வேண்டும். என் கணவரின் தங்கை. அடுத்த வளவு அவளுக்குச் சீதனமாகக் கொடுத்தது. நடுவேலியில் ஆள் நுழைகிற அளவுக்கு ஒரு பொட்டு உண்டு. ஐம்பது வருடமாக அவள் அந்தப் பொட்டுக்குள்ளால் தலையை நீட்டி எனக்குப் புத்தி சொல்லி வருகிறாள்.

"வெள்ளிக்கிழமையிலை மீனுக்குள்ளை நிக்கிறீர் மச்சாள்?"

"பாக்கிறன். தின்னேல்லை."

"இந்த வயசிலை உமக்கு உது தேவையோ? ஊர் சிரிக்கப்போகுது."

"சிரிக்கட்டும். நீர் இருந்து பாருமன்."

"எனக்கென்ன வேலையில்லையோ?" என்பாள். ஆனால் போகமாட்டாள். கதவு நிலையில் சாய்ந்து நின்று முழுவதையும் பார்த்துவிட்டுத்தான் போவாள்.

பதினாறாம் நாள் கோயிலைக் கண்டேன். நல்ல ஆழத்தில், பாசி மூடி, தூண் தூணாக நின்றது. மருமகனே அவ்வளவு தூரம் போனதில்லை, பெருமையாக இருந்தது. எந்தச் சாமி என்று தெரியாது. ஆனால் படி இருந்தது, பெரிய கதவு இருந்தது, கதவு நீக்கலால் வெளிச்சம் கசிந்தது. கோயில் என்பதற்கு வேறென்ன வேண்டும்? அன்றைக்கு நான் குளித்திருக்கவில்லை. படி மட்டும் போய்க் கும்பிட்டுவிட்டு, "நாளைக்குத் தோய்ஞ்சிட்டு வாறன்," என்று நண்டைக் கீழே வைத்தேன்.

அடுத்த நாள் தலைமுழுகி, வெளுத்த சேலை கட்டி, திருநீறு பூசிக்கொண்டு வந்து கதிரையில் இருக்க, போன் அடித்தது. பிரான்ஸிலிருந்து. என் கணவரின் பெரியப்பா மகன் மோசம் போய்விட்டாராம். இருந்த காலத்தில் ஒரு தீபாவளிக்கும் போன் எடுக்காத மனிதர். போயும் இன்றைக்கா போக வேண்டும்? பங்காளி ஆகையால் எனக்கு முப்பத்தொரு நாள் துடக்கு. சாவுத் தீட்டு இருக்கும் மட்டும் கோயில் வாசல் மிதிக்க ஏலாது. மருமகனுக்கோ அன்றிலிருந்து பன்னிரண்டாம் நாள் பயணம். பெட்டியும் அவரோடு போய்விடும்.

"ரீவியிலை வாற கோயில்தானே மாமி," என்றார் மருமகன்.

வேறு யாரும் என்றால் போயிருப்பார்கள். நான் எப்படிப் போவது? ஊரில் துடக்குக்கு நாள் சொல்கிறவள் நான். யாருக்கு மூன்று நாள், யாருக்கு முப்பத்தொரு நாள், கட்டிக்கொடுத்த பெண்ணுக்கு எவ்வளவு என்று என்னைக் கேட்டுத்தான் நடப்பார்கள். படிப்பில்லாதவள் என்று முகத்தைத் திருப்பினவர்களும் இதற்கு என் படலை வாசலில் வந்து நின்றிருக்கிறார்கள். ஒருமுறை தேருக்கு முதல் நாள் மச்சாளைத் துடக்குச் சொல்லி மறித்தவளும் நானே. அவள் அதை மறக்கவில்லை. இப்போதும் கதவு நிலையில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தாள்.

"ரீவியிலை திருவிழா காட்டினாக் கும்பிடுறமல்லே? அப்ப அதுவும் கோயில்தான்," என்று சொல்லிவிட்டேன். என் வாய்தான் எனக்குப் பகை.

"சரியாச் சொன்னீர் மச்சாள்," என்றாள் அவள். "எனக்கு மூண்டு நாள்தான். நான் கட்டிப்போனவள். நீர் சொல்லித்தந்த முறைதான்."

"அதுக்கு?"

"நாலாம் நாள் நான் உள்ளுக்குப் போய்ப் பாத்து உமக்குச் சொல்லுறன்."

எனக்கு நெஞ்சு பற்றியெரிந்தது. பதினாறு நாள் நீந்தினவள் நான். கதவைத் திறக்கப்போகிறவள், வாசலில் நின்று நக்கல் அடித்தவள். "துடக்கு வீட்டிலை இருந்துகொண்டு கோயிலுக்குப் போக ஏலாது," என்று கடைசியாக ஒன்றைப் போட்டுப் பார்த்தேன்.

"அதுவும் சரிதான். தம்பி, நாலாம் நாள் ரீவியை என்ரை வீட்டுக்குத் தூக்குங்கோ."

நாலாம் நாள் காலை மருமகன் ரீவியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பொட்டுக்குள்ளால் நுழைந்தார். பொட்டு சின்னது, ரீவி பெரியது. வேலியில் ஒரு மட்டை அசைந்தாலே சண்டைக்கு நிற்கிற மச்சாள், தன் கையாலேயே இரண்டு மட்டையைக் கழற்றினாள். நான் என் பக்கத்தில் கதிரை போட்டு இருந்தேன். அவளுடைய யன்னலுக்குள்ளால் எனக்கு ரீவியின் முதுகும் அவளுடைய முகமும்தான் தெரிந்தன. ஈரத்தலை, பட்டுச் சேலை, நெற்றியில் பெரிய குங்குமப் பொட்டு. நண்டைத் தலைகீழாகப் பிடித்திருந்தாள்.

"மச்சாள்! ஆள் நிண்ட இடத்திலை சுத்துது!"

"இடப்பக்கக் கட்டையை மெல்லத் தள்ளும்!"

"தள்ளினா மண்ணுக்குள்ளை தலையைக் குத்துது!"

"தூண் தெரியுதோ?"

"ஆமை தெரியுது."

"ஆமையை விடும்! ஆமைக்குக் கீழை!"

அரை மணித்தியாலம் தொண்டை வறளக் கத்தி, நான்தான் அவளைப் படி மட்டும் கொண்டுபோய்ச் சேர்த்தேன். பிறகு சத்தமில்லை. நெடுநேரம் சத்தமில்லை. நான் கதிரையை விட்டு எழும்பிவிட்டேன். அவள் யன்னலால் ஒருதரம் என்னைப் பார்த்தாள்.

"அம்மாளே!" என்று கத்தினாள். "அம்மாளே, என்ன வடிவு!"

அதற்கு மேல் கேட்க எனக்கு மனமில்லை. கிணற்றடிக்குப் போய் வாழைக்குத் தண்ணீர் அள்ளி ஊற்றினேன். முதல் நாள்தான் மழை பெய்திருந்தது.

அதன் பிறகு ஊரில் மச்சாளின் கோயில்தான் கதை. பொன் விளக்காம். முத்துப் பந்தலாம். மீன்கள் வரிசையில் நின்று வலம் வந்தனவாம். மருமகனைக் கேட்டேன். "ஓம் மாமி," என்று நிலத்தைப் பார்த்தார். அவர் எப்போதும் நிலத்தைத்தான் பார்ப்பார் என்பதால் எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. அந்தக் கிழமை எனக்குச் சோறு இறங்கவில்லை. செத்தவருக்காக என்று ஊர் நினைத்துக்கொண்டது.

பன்னிரண்டாம் நாள் அவர்களை ஏற்றிவிட இறங்குதுறைக்குப் போனேன். மகள் படகில் ஏறிவிட்டாள். மருமகன் பெட்டியோடு நின்றார்.

"மாமி, ஒண்டு சொல்ல வேணும். அந்தக் கதவு திறக்காது."

"என்ன கதை இது?"

"அது கதவே இல்லை. கதவு மாதிரிக் கீறி வைச்சிருக்கினம். நீங்கள் சொன்ன வேலி மாதிரித்தான். சின்னமாமி முட்டி முட்டிப் பாத்தவா, ஒண்டும் நடக்கேல்லை. பிறகு உங்களைத் திரும்பிப் பாத்திட்டு அப்பிடிக் கத்தினவா. பொய் எண்டு சொல்ல எனக்கு வாய் வரேல்லை."

படகு புறப்பட்டுவிட்டது. நான் சேலைத் தலைப்பால் முகத்தைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கி நின்றேன். பக்கத்தில் நின்ற பெண், "அழாதையுங்கோ அக்கா, அடுத்த வருசமும் வருவினம்," என்று என் முதுகைத் தடவினாள். சிரிக்கிறேன் என்று எப்படிச் சொல்வது?

அவளும் உள்ளே போகவில்லை. எனக்கு அது போதும். நேரே போய் நாலு பேருக்கு முன்னால் கேட்டுவிட வேண்டும் என்றுதான் ஒழுங்கையில் நடந்தேன். பாதி வழியில் மனம் மாறிவிட்டது. கேட்டால் ஒரு நாள் பகிடியோடு முடிந்துவிடும். செய்த ஆட்கள் கதவோடு நிறுத்திவிட்டார்கள், மச்சாள் நிறுத்தவில்லை. அவள் அதற்குள் சாமி சுற்றிவர மூன்று வீதி போட்டுவிட்டாள். என் துடக்குக் கழிந்து, நான் எங்கள் அம்மன் வாசலுக்குப் போய் வந்த பிறகும் அவளுடைய கோயில் கட்டி முடியவில்லை. பின்னேரங்களில் அவள் பொட்டுக்குள்ளால் வர, நான் தேத்தண்ணீர் ஊற்றிக் கொடுத்து, பணிவாகக் கேட்பேன்.

"மச்சாள், அங்கை மணி எந்தப் பக்கம் தொங்கினது?"

"வலப்பக்கம்."

"முந்தநாள் இடப்பக்கம் எண்டனீர்."

அவள் ஒரு மிடறு குடித்தாள். "ரெண்டு மணி."

"ஓம், பெரிய கோயிலல்லே. தண்ணிக்குள்ளை மணி அடிச்சாக் கேக்குமோ?"

"எனக்குக் கேட்டது."

"ஐயர் ஆரும் நிண்டவையோ?"

மச்சாள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். பிறகு கோப்பையைக் கீழே வைத்து, சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு, நன்றாக நிமிர்ந்து இருந்தாள்.

"ரெண்டு பேர் நிண்டவை," என்றாள்.

நான் கதிரையை அவளுக்குக் கிட்ட இழுத்துப் போட்டேன்.

"எந்த ஊர் ஆக்களாம்?"