வாத்துக்குள் ஒளிந்த தாள்

அச்சகத்தில் புத்தகம் பைண்டு செய்கிறவளுக்கு ஓவிய வகுப்பில் என்ன வேலை என்று நூலகர் முதலில் மூஞ்சியைச் சுளித்தார். நான்கு வருஷமாகச் சனிக்கிழமைதோறும் நூலகத்தின் பின்னறை நிரம்பி வழிகிறது. இப்போது நாற்காலி தூக்கிப் போடுவதே அவர்தான். பிள்ளைகள் அவளுக்கு வைத்த பெயர் கோந்து டீச்சர். வாளி நிறைய மைதாப் பசை காய்ச்சிக் கொண்டுவருகிறவளுக்கு வேறென்ன பெயர் வைப்பார்கள்?

பைண்டிங்குக்கு வந்த ஓவியப் புத்தகங்களைத் தைத்துக்கொண்டே பார்த்ததுதான் அவள் படிப்பு. தூரிகையை ஓரம் வைத்துவிட்டு, கிழ வயதில் வண்ணக் காகிதத்தைக் கத்தரித்துப் படம் செய்த மத்தீஸைப் பற்றி ஒரு வாரம் சொல்வாள். மறுவாரம், செய்தித்தாளைக் கிழித்துப் படத்தில் ஒட்டிய பிக்காசோ. வகுப்புக்கு ஒரே சட்டம்: ஒட்டியதைப் பிய்க்கக் கூடாது.

அன்று பிக்காசோவின் முறை. அச்சகத்திலிருந்து கொண்டுவந்த கழிவுக் காகிதம் போதவில்லை. தன் துணிப்பையை அப்படியே மேஜையில் கவிழ்த்தாள். பழைய ரசீது, விளம்பரத் தாள் என்று என்னென்னவோ விழுந்தன.

“எது வேணும்னாலும் வெட்டிக்குங்க!”

அரைமணி நேரம் கழித்துத்தான் ஆஸ்பத்திரி உறை நினைவுக்கு வந்தது. மார்பில் தட்டுப்பட்ட கட்டியைச் சோதித்த முடிவு அதில்தான் இருந்தது. பிரித்துப் பார்க்கத் தைரியமில்லாமல் மூன்று நாளாகச் சுமந்து திரிந்தாள். வீட்டுக்காரரிடம்கூட மூச்சு விடவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தாள். இனி திங்கட்கிழமைதான் என்று பதிவு செய்த குரல் சொன்னது. இன்னும் இரண்டு நாளா? அவளால் இரண்டு நிமிஷம்கூட முடியாது.

“நீட்டமா ஒரு கவர் இருந்துச்சே, யாரு எடுத்தீங்க?”

“உள்ளே இருந்த தாளை நாங்க நாலு பேரும் பங்கு போட்டுக்கிட்டோம் டீச்சர்” என்றாள் முன்பல் விழுந்த ஒருத்தி, பெருமையாக.

படம் படமாகத் தேடினாள். அவளுடைய வயது ஒரு படகின் பாயில் இருந்தது. டாக்டரின் கையெழுத்து ஒரு பூனைக்கு மீசையாகியிருந்தது. ஆஸ்பத்திரியின் பெயர் ஒரு வீட்டுக்குக் கதவு. மிச்சமிருந்த நடுப்பாகத்தை எல்லாரிலும் சின்னவள் வைத்திருந்தாள். வெள்ளைப் பக்கம் வெளியே தெரிய, எழுத்துப் பக்கத்தில் பசை தடவி, குண்டாக ஒரு வாத்து ஒட்டியிருந்தாள்.

“கண்ணு, உன் வாத்தைக் கொஞ்சம் எடுத்துக்கட்டுமா?”

“மாட்டேன். ஒட்டினா பிய்க்கக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க!”

“சொன்னேன்தான். இன்னிக்கு மட்டும் விட்டுக்கொடும்மா.”

சின்னவள் அவள் முகத்தை உற்றுப் பார்த்தாள். “அழறீங்களா டீச்சர்?”

“ஆமாடா.”

படம் மறுபேச்சில்லாமல் நகர்ந்து வந்தது. “கழுத்து மட்டும் பிஞ்சிடக் கூடாது.”

ஈரத் துணியை வாத்தின்மேல் போட்டு ஊறவிட்டாள். மழுங்கிய கத்தியை ஓரத்தில் நுழைத்தாள். இருபத்திரண்டு வருஷத்தில் எத்தனை பழைய அட்டைகளை இப்படி உரித்திருப்பாள்! எதையும் இவ்வளவு நிதானமாக உரித்ததில்லை. தாள் மெல்ல எழும்பியது. திருப்பினாள். பசைக்கு நடுவில் ஒரு வரி: புற்றுநோய்க்கான அறிகுறி எதுவும் இல்லை.

மூன்று தடவை படித்தாள். பிள்ளைகள் உட்காரும் குட்டி நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்து, வாய்விட்டுச் சிரித்துக்கொண்டே அழுதாள். அப்பாடா என்றிருந்தது. மூன்று நாளாக நெஞ்சில் அழுத்திய பாறாங்கல் இறங்கியது. என்ன ஏதென்று தெரியாமல் பிள்ளைகளும் கூடச் சிரித்தார்கள். டீச்சர் சிரித்தால் போதாதா அவர்களுக்கு!

அந்த வேகத்திலேயே வீட்டுக்காரருக்குப் போன் போட்டாள்.

“ஒண்ணுமில்லையாம்ங்க! ஒண்ணுமே இல்லையாம்!”

“எது ஒண்ணுமில்லையாம்?”

அவருக்கு எதுவுமே தெரியாது என்பது அப்போதுதான் உறைத்தது. கட்டி, ஊசி குத்திச் சோதித்தது, உறை என்று முதலிலிருந்து சொன்னாள்.

“மூணு நாளா தனியாவா வச்சிருந்தே?” என்றார். “அங்கேயே இரு. வந்து கூட்டிட்டுப் போறேன்.”

பத்து நிமிஷ நடைதான், எப்போதும் அவள் தனியாகவே போய்விடுவாள். இன்று “சரி, வாங்க” என்றாள்.