உப்பு வேண்டாத இயந்திரம்

என் தம்பி இருபது ஆண்டுகளுக்கும் மேலாக லித்தியம் மாத்திரை சாப்பிட்டு வந்தான். அந்த மாத்திரை ஒத்துக்கொண்டவரை அவன் வீட்டில் இருந்தான். அதற்கு முன்பு இரண்டு முறை தஞ்சோங் ரம்புத்தான் மனநல ஆஸ்பத்திரியில் இருந்தான். எங்கள் பேராக் மாநிலத்தில் அந்த ஊர்ப் பெயரைச் சொன்னால் எதற்காக என்று யாரும் கேட்பதில்லை. பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஒருவரை ஒருவர் வைவதற்கே அது போதும். ரம்புத்தான் ஒரு பழத்தின் பெயரும் என்பதால் அவனே அதைச் சொல்லிச் சிரிப்பான். கல்யாண வீட்டில் யாராவது இப்போது எங்கே வேலை என்று கேட்டால், "ரம்புத்தான்ல பழம் பொறுக்குறேன்லா" என்பான். கேட்டவர் சிரிப்பதா வேண்டாமா என்று விழிப்பார்.

அம்மா இறந்த பிறகு அவன் எங்களோடு வந்தான். அவன் வீட்டிலேயே இருக்க வேண்டும், மறுபடியும் வார்டுக்குப் போகக் கூடாது. நானும் என் மனைவியும் பேசி முடிவு செய்தது அது ஒன்றுதான். வெளியூர்ப் பயணம், விருந்தாளி, தூங்கும் நேரம் எல்லாம் அதற்கு ஏற்றபடி தாமாக அமைந்துகொண்டன.

எங்கள் வீடு ஈப்போவுக்கு வடக்கே, முன்பு ரப்பர்ப் பால்மரத் தோட்டமாக இருந்த நிலத்தில் கட்டிய தாமான் குடியிருப்பின் கடைசி வரிசையில் இருக்கிறது. பின்பக்கம் சுண்ணாம்புக் குன்று. அதன் ஒரு பாதியைக் கல்லுடைப்பவர்கள் எடுத்துப் போய்விட்டார்கள். குழாய்த் தண்ணீர் கடைசி வரிசைக்கு வரும்போது நூலாகிவிடும் என்பதால் வரிசைக்காரர்கள் சேர்ந்து ஆழ்குழாய்க் கிணறு போட்டோம். குன்றின் அடியிலிருந்து வரும் தண்ணீர் அது. பார்க்கத் தெளிவாக இருக்கும், வாசனை இருக்காது. ஆனால் சவர்க்காரம் நுரைக்காது, கேத்தலின் அடியில் முட்டை ஓடு மாதிரி வெள்ளை படியும். குளியலறைச் சுடுநீர்ப் பெட்டி ஒன்று அடைத்துக் கெட்ட பிறகு, தண்ணீரை மென்மையாக்கும் இயந்திரம் ஒன்றை வாங்கிப் பின்கட்டில் வைத்தேன்.

அது உப்பால் ஓடும் பழைய வகை. ஒரு தொட்டியில் சிறுமணிகள் நிறைந்திருக்கும். தண்ணீரில் உள்ள சுண்ணாம்பை அந்த மணிகள் பிடித்துக்கொண்டு, பதிலுக்கு உப்பில் உள்ள சோடியத்தைத் தண்ணீரில் விடும். மணிகள் நிறைந்துபோனால் பக்கத்துத் தொட்டியில் கரைந்திருக்கும் உப்புநீர் அவற்றைக் கழுவி, கழிவைச் சாக்கடைக்கு அனுப்பும். அந்த உப்புத் தொட்டியைப் பார்த்துக்கொள்வது தம்பியின் வேலை. மூடியைத் திறந்து எட்டிப் பார்ப்பான். "இறங்கிருச்சுண்ணே, ஒரு மூட்டை சொல்லணும்" என்பான். மூட்டை வந்ததும் தோளில் ஏற்றிக்கொண்டு போய் ஒரு மணிகூடச் சிந்தாமல் கொட்டுவான். கையுறைத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவன், நோய் வந்த பிறகு வேறு எங்கும் நிலைக்கவில்லை. எங்கள் வீட்டில் அவனைக் கேட்டு நடந்த காரியம் அந்தத் தொட்டி ஒன்றுதான்.

என் மனைவிக்கு ரத்த அழுத்தம் இருப்பதாக கிளினிக்கில் சொன்னார்கள். உப்பைக் குறைக்கச் சொன்னார்கள். அன்றிலிருந்து அவள் அந்தத் தொட்டியைப் பார்த்த பார்வை மாறிவிட்டது. மூட்டை மூட்டையாகக் கொட்டுகிறோமே, அது எங்கே போகிறது என்று கேட்டாள். தண்ணீரில் கலப்பது மிகக் கொஞ்சம் என்றேன். அவள் பின்கட்டு வாழையைக் காட்டினாள். சாக்கடை ஓரத்தில் இருந்த அந்த வாழை இலை விளிம்பெல்லாம் கருகி, குலை தள்ளாமலே செத்துக்கொண்டிருந்தது.

உப்பில்லாத முறை என்ன இருக்கிறது என்று விசாரிக்கத் தொடங்கினேன். நாளிதழில் வேலை பார்த்த காலத்துப் பழக்கப்படி எல்லாரிடமும் ஒரே இரண்டு கேள்விகளைக் கேட்டேன். சுண்ணாம்பு எங்கே போகிறது? எதை, எவ்வளவு காலத்துக்கு ஒரு முறை மாற்ற வேண்டும்?

காந்தம் விற்றவர் முதல் கேள்விக்கு, காந்தம் சுண்ணாம்பைக் குழப்பிவிடும் என்றார். குழம்பிய சுண்ணாம்பு பிறகு என்ன செய்யும் என்றேன். வாங்கிய ஒருவரின் கைப்பேசி எண்ணைத் தந்தார், அந்த ஒருவர் அவருடைய மைத்துனர். எலுமிச்சைப் புளிப்பு மாதிரியான பொருள் அடைத்த குப்பிகள் குளியல் குழாய்க்குச் சரி, வீடு முழுவதற்கும் காணாது. சமையல்கட்டுத் தொட்டிக்கு அடியில் மாட்டும் வடிகட்டி சுண்ணாம்பையும் எடுக்கும், உப்பையும் எடுக்கும். ஆனால் வடிகட்டிய அளவுக்குத் தண்ணீரைக் கழிவாகக் கீழே விடும், சுடுநீர்ப் பெட்டியையும் காப்பாற்றாது.

நான்காவதாக வந்தவர் ஒரு நீல உருளையைக் கொண்டுவந்தார். எங்கள் தோட்டத்துப் பள்ளியில் தம்பியோடு படித்தவர், இப்போது சுங்கை சிப்புட்டில் கடை வைத்திருக்கிறார். உருளைக்குள் ஒரு வகை மணல். தண்ணீர் அதன் வழியாகப் போகும்போது சுண்ணாம்பு கண்ணுக்குத் தெரியாத படிகங்களாகிவிடும், குழாயில் ஒட்டாது. உப்பு வேண்டாம், மின்சாரம் வேண்டாம், கழிவும் இல்லை. என் முதல் கேள்விக்கு அவர் சுற்றி வளைக்கவில்லை.

"சுண்ணாம்பு எங்கயும் போகாதுண்ணே. தண்ணியிலதான் இருக்கும். ஒட்டாது, அவ்ளோதான்."

இதை மாட்டிய ஒரு வீட்டுக்கு என்னை அழைத்துப் போனார். அங்கே குழாய்த் தண்ணீரை ஒரு தட்டில் ஊற்றிக் காயவிட்டிருந்தார்கள். வெள்ளை வளையம் இருந்தது. விரலால் துடைத்தேன், மாவு மாதிரி வந்துவிட்டது. எங்கள் வீட்டுக் கிணற்றுத் தண்ணீரின் வளையத்தைக் கத்தியால் சுரண்ட வேண்டும். அந்த விரலை வைத்துத்தான் முடிவு செய்தேன் என்று சொல்லலாம்.

ஒப்பந்தம் பேச அவர் எங்கள் வீட்டுக்கு வந்தபோது தம்பியும் மேசையில் இருந்தான். எல்லாம் பேசி முடிந்த பிறகு அவன் என் மனைவியைப் பார்த்துச் சொன்னான்.

"அண்ணி, எனக்கு உப்பு வேணும். கிளினிக்ல சொல்லிருக்காங்க."

கடைக்காரர் அவன் தோளைத் தட்டினார். "உப்பு வேணும்னா ஊறுகா தின்னு மச்சான். அத ஏன் தண்ணியில தேடுற?"

நாங்கள் சிரித்தோம். தம்பியும் சிரித்தான். பிறகு, "அப்ப மூடிய யாரு தொறக்குறது?" என்று கேட்டான். திறப்பதற்கு ஒன்றுமில்லை, அதுதான் இதன் விசேஷம் என்று கடைக்காரர் விளக்கினார். வேலை போகிறதே என்ற வருத்தத்தில்தான் உப்பைப் பற்றிப் பேசுகிறான் என்று நானும் மனைவியும் எடுத்துக்கொண்டோம். தோட்டத்துக்குத் தண்ணீர் ஊற்றும் பொறுப்பை அவனிடம் தரலாம் என்று அவள் என்னிடம் தனியாகச் சொன்னாள்.

உருளை சுவரில் ஏறியது. பழைய தொட்டியைக் காலி செய்து பின்கட்டுக் கூரைக்கு அடியில் தள்ளினோம். அதே வாரத்தில் மனைவி சமையலையும் மாற்றினாள். ஊறுகாய், கருவாடு, நெத்திலி, கிச்சாப் எல்லாம் அலமாரியிலிருந்து போயின. சாம்பாரில் உப்பு தேடினாலும் கிடைக்காது. அவளுக்கு ஒரு சட்டி, எங்களுக்கு ஒரு சட்டி என்று அவள் வைப்பதில்லை. ஒரே சமையல்தான். மழை தள்ளிப்போன காலம் வேறு. குன்றிலிருந்து வெப்பம் சுவர் மாதிரி இறங்கிக்கொண்டிருந்தது.

நான் இயந்திரத்தைக் கவனித்துக்கொண்டிருந்தேன். கேத்தலின் அடியில் படிந்தது துணியால் துடைத்தாலே போய்விட்டது. சவர்க்காரம் முன்பைவிடக் குறைவாக நுரைத்தது. குளித்த பிறகு தோலில் இருந்த வழவழப்பு இல்லை. தேநீரின் நிறம் மங்கலாக இருந்தது. இவற்றையெல்லாம் கடைக்காரரிடம் சொன்னேன். அவர், "நான் முன்னாடியே சொன்னேன்லண்ணே" என்றார். சொல்லியிருந்தார்.

அந்தத் தேநீரைக் கவனிக்கப்போய்த்தான் தம்பியின் கையைப் பார்த்தேன். அவனுக்கு விரல் நடுக்கம் லேசாக எப்போதும் உண்டு, மருந்தின் நடுக்கம். இது வேறு. குவளை மேசையைத் தொடும்போது சத்தம் வந்தது. சில நாளில் வயிற்றுப்போக்கு. வெளியில் சாப்பிட்டாயா என்று கேட்டோம். பிறகு பேச்சு குழறியது. மார்க்கெட்டுக்குப் போய்வந்தவனைப் பார்த்த வரிசைக்காரர் ஒருவர் என்னிடம் மெதுவாக, தம்பி காலையிலேயே சம்சுச் சாராயம் ஏற்றிவிட்டார் போல என்றார். வீட்டுக்கு வந்து அவன் வாயை முகர்ந்து பார்த்தேன். பற்பசை வாசனைதான் இருந்தது. அவன் எதற்கு என்று கேட்கவில்லை, வாயைத் திறந்து காட்டினான்.

பழைய நோய் திரும்புகிறது என்று மனைவி பயந்தாள். எனக்கு அது பொருந்தி வரவில்லை. முன்பு இரண்டு முறையும் அவன் தூங்காமல் இருந்தான், நிறுத்தாமல் பேசினான். இப்போது தூங்கிக்கொண்டே இருந்தான். ஆனாலும் வேறு காரணம் தெரியாததால் மாத்திரையைச் சரியாகச் சாப்பிடுகிறானா என்பதில் போய் நின்றோம். நாங்களே கையில் வைத்து, தண்ணீர் கொடுத்து, விழுங்கும்வரை பார்த்தோம். ஒரு வேளைகூடத் தவறவிடவில்லை.

ஒரு மதியம் குளியலறை வாசலில் விழுந்துவிட்டான். எழுப்பியபோது என்னை அப்பா என்று கூப்பிட்டான். ஈப்போ ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். ரத்தம் எடுத்தார்கள். என்ன மாத்திரை என்று கேட்ட இளம் மலாய் டாக்டர், பெயரைச் சொன்னதும் எழுதுவதை நிறுத்திவிட்டு அவன் கையைத் தூக்கிப் பிடிக்கச் சொல்லிப் பார்த்தார். அவனால் பிடிக்க முடியவில்லை.

கையில் ஊசி ஏற்றிய நர்ஸ், எங்கள் ஊர்ப் பேச்சில் மிஸ்ஸி, தமிழ்ப் பெண்.

"வீட்ல சாப்பாடு ஏதும் மாத்துனீங்களாண்ணே? உப்ப கொறைச்சீங்களா?"

என் மனைவி, "சுத்தமா நிறுத்திட்டேன். எனக்குப் பிரஷர்" என்றாள்.

"இந்த மாத்திரைக்கு உப்ப திடீர்னு கொறைக்கக் கூடாதுக்கா. உப்பு பத்தலன்னா, கிட்னி உப்போட சேத்து இந்த மருந்தையும் வெளிய விடாம புடிச்சு வச்சுக்கும். கிளினிக்ல சொல்லிருப்பாங்களே."

"சொல்லிருக்காங்க" என்றாள் மனைவி. "தம்பிகிட்ட."

மேலே தொங்கிய பையில் என்ன மருந்து என்று அவள் கேட்டாள். மருந்து இல்லை, உப்புத் தண்ணீர் என்றார் மிஸ்ஸி. அவர் போன பிறகும் மனைவி அந்தப் பையையே பார்த்துக்கொண்டிருந்தாள். சொட்டு விழுவது நின்றதாகத் தோன்றும்போதெல்லாம் எழுந்து போய்ப் பார்த்தாள்.

தண்ணீரால் எவ்வளவு, சமையலால் எவ்வளவு, வெயிலால் எவ்வளவு என்று டாக்டரிடம் கேட்டேன். தண்ணீரைவிடச் சமையல்தான் அதிகம் என்றார், பிறகு வயிற்றுப்போக்கு. அதற்கு மேல் பிரித்துச் சொல்ல யாராலும் முடியாது என்றார். இயந்திரம் தன் வேலையைச் செய்தது. விற்றவர் பொய் சொல்லவில்லை. என் மனைவி கிளினிக் சொன்னதைக் கேட்டாள், தம்பியும் கிளினிக் சொன்னதைச் சொன்னான். ஒரு காந்தக்காரரின் மைத்துனரைக்கூட நான் கூப்பிட்டு விசாரித்திருந்தேன்.

அவன் பிழைத்தான். ஆனால் சிறுநீரகம் முழுதாகத் திரும்பவில்லை. லித்தியம் இனி கொடுக்க முடியாது என்றார்கள். பேச்சின் குழறலும் கைநடுக்கமும் போகவில்லை, மாத்திரை ரத்தத்திலிருந்து இறங்கிப் பல வாரமான பிறகும் போகவில்லை. சிலருக்கு அப்படியே நின்றுவிடும் என்றார்கள். வேறு மாத்திரை எழுதினார்கள். அது கொஞ்ச காலம் தாங்கியது. பிறகு அவன் தூங்குவதை நிறுத்தினான். விடியும் முன்பே எழுந்து வரிசை வீட்டுக் கதவுகளைத் தட்டி, கிணற்றுக்குள் குன்று இறங்கிக்கொண்டிருப்பதாகச் சொன்னான். குழறிய பேச்சில் பாதி அவர்களுக்குப் புரியவில்லை. புரிந்த பாதியே போதுமாக இருந்தது.

நான்தான் காரில் கொண்டுபோனேன். மனைவி பின்னால் அவனோடு உட்கார்ந்திருந்தாள். தஞ்சோங் ரம்புத்தான் பலகை வந்ததும் அவன் ஏதோ சொன்னான். எனக்கு விளங்கவில்லை. திரும்பச் சொல்லச் சொன்னேன்.

"இந்த வாட்டி பழ சீசன் இல்லண்ணே."

இரண்டாம் முறை சொன்னபோது அவன் சிரிக்கவில்லை.

இப்போது நாங்கள் போய்ப் பார்த்து வருகிறோம். மனைவி வீட்டில் இரண்டு சட்டி வைக்கிறாள். அவனுக்குக் கொண்டுபோகும் சட்டியில் உப்பு கூடுதலாக இருக்கும், நெத்திலி சம்பல் இருக்கும். லித்தியம் நின்றுவிட்டதால் அவனுக்கு உப்பு ஒரு பொருட்டில்லை, அவனுடைய சிறுநீரகத்துக்கு அது நல்லதுகூட இல்லை என்று அவளிடம் சொன்னேன். சம்பலைக் குறைத்தாள், நிறுத்தவில்லை. நீல உருளை சுவரில் இருக்கிறது. நன்றாகத்தான் வேலை செய்கிறது. சாக்கடை ஓரத்தில் வேறு வாழை வந்திருக்கிறது.

பழைய சாமான் எடுக்கும் லாரி தாமானுக்கு வந்தபோது உப்புத் தொட்டியைப் போட்டுவிடலாமா என்று கேட்டேன். இருக்கட்டும் என்றாள் மனைவி.

போன மாதம் இரண்டு நாள் விடுப்பில் அவனை வீட்டுக்கு அனுப்பினார்கள். வந்ததும் நேராகப் பின்கட்டுக்குப் போனான். தொட்டி எந்தக் குழாயிலும் சேர்ந்திருக்கவில்லை. மூடியை இரண்டு கையாலும் தூக்கினான். அது நடுங்கி விளிம்பில் தட்டிக்கொண்டே இருந்தது. உள்ளே எட்டிப் பார்த்தான். காய்ந்த வெள்ளைப் பொருக்கைத் தவிர அதில் ஒன்றும் இல்லை.

"இறங்கிருச்சுண்ணே" என்றான். "ஒரு மூட்டை சொல்லணும்."

சொன்னேன். கடையில் சொன்ன மூட்டை அவன் திரும்பிப் போன மறுநாள்தான் வந்தது. தொட்டிக்குப் பக்கத்தில் பிரிக்காமல் இருக்கிறது. மழை தொடங்கிவிட்டதால் பின்கட்டு ஈரத்தில் உப்பு இறுகிக்கொண்டு வருகிறது. நேற்று அழுத்திப் பார்த்தேன். கல்லாகிவிட்டது.