அக்கா போட்ட நூறு புள்ளி

சுனாமியாகக் கடல் வந்துபோன அடுத்த வருடம் நாங்கள் கல்லூரியில் கட்டட வரைபடம் படித்துக்கொண்டிருந்தோம். படித்தோம் என்று சொல்வதே அதிகம். முந்தைய மாணவர்களின் செயற்திட்டத்தை எடுத்துப் பெயரை மட்டும் மாற்றிக் கொடுப்போம். பாடம் எடுத்த சேரும் சரியாகப் பார்க்காமலே புள்ளி போடுவார். எல்லாருக்கும் சௌகரியமாகத்தான் இருந்தது.

திடீரென்று சேருக்கு என்ன தோன்றியதோ, "இந்த முறை நான் புள்ளி போடமாட்டன். வீட்டில இருக்கப்போற ஆக்கள் போடட்டும்" என்றார். குருக்கள்மடத்துப் பக்கம் வீடிழந்து தகரக் கொட்டில்களில் இருந்தவர்களில் குழுவுக்கு ஒருவரைப் பிடித்தோம். எங்களுக்கு வாய்த்தவர் கணவனைக் கடலுக்குக் கொடுத்த ஒரு அக்கா.

எங்களுக்குப் பைத்தியமே பிடித்துவிட்டது. சோம்பேறிகள் என்று பெயரெடுத்த நாங்கள் வகுப்பில்லாத நாளிலும் பஸ் ஏறினோம். சமைக்கிற குசினி எந்தப் பக்கம், மழைக்கு விறகை எங்கே வைப்பீர்கள் என்று கேட்டுக் கேட்டு வரைந்தோம். அவர் குறை சொல்லச் சொல்ல அழித்து வரைந்தோம். கடைசியில் அவர் நூற்றுக்கு நூறு போட்டார். திரும்பும்போது பஸ்ஸில் ஒரே பாட்டு.

அடுத்த கிழமை அக்கா நல்ல சாறி உடுத்திக்கொண்டு கல்லூரிக்கு வந்தார்.

"நூறு போட்டுட்டன்தானே மகள். எப்ப அத்திவாரம் வெட்டுவீங்க?"

கூடுதலாகப் புள்ளி போட்டால் வீடு வரும் என்று நினைத்திருக்கிறார். வரும் என்று நாங்கள் யாரும் சொல்லவில்லை. வராது என்றும் சொல்லவில்லை. அந்த நாட்களில் அளவு நாடாவோடு வந்தவர்களெல்லாம் வீடு கட்டத்தானே வந்தார்கள்.

"இது இவங்கட படிப்புக்கு, தங்கச்சி. கட்டுறதுக்கில்ல" என்றார் சேர், தலையைச் சொறிந்தபடி.

அக்கா சண்டை பிடிக்கவில்லை. "அப்ப அந்தப் படத்தையாவது தாங்க சேர். வேற ஆக்கள் வந்தாக் காட்டலாம்" என்றார். கொடுத்தோம். காட்டுவதற்கு ஒருவரும் வரவில்லை. நாட்டில் சண்டை மறுபடி தொடங்க, வீடு கட்ட வந்தவர்களும் ஒவ்வொருவராகக் கிளம்பிவிட்டார்கள். நான் வாழ்க்கையில் எடுத்த ஆகக்கூடிய புள்ளி அந்தப் பாடத்தில்தான். நினைத்தால் இன்றும் எனக்கு எரிச்சலாக இருக்கிறது.

சண்டை முடிந்த வருடம் வேலை விஷயமாக அந்தப் பக்கம் போனேன். அக்கா அதே கொட்டிலில்தான் இருந்தார். தகரம் துருப்பிடித்துக் கிடந்தது. அளவு நாடாவோடு ஒரு இளம்பெண் வாசலில் நின்று, எப்படிப்பட்ட வீடு வேண்டும் என்று அன்பாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

அக்கா மீன் வெட்டுவதை நிறுத்தவில்லை.

"ஒங்களுக்கு எத்தின புள்ளி வேணும் மகள்? போட்டுத் தாறன்."