அக்கா வீட்டில் அடைத்த துளை

"வீட்ல இருக்கிற சூடு எந்த வழியா வெளியே ஓடுது, சொல்லு பார்ப்போம்?"

குளிர்காலம் முழுக்க ஹீட்டர் எரிகிற எங்கள் குடியிருப்பில் கதவு மாமாவிடம் இந்தக் கேள்வியை வாங்காத ஆளே கிடையாது. என்னிடமும் கேட்டார். பதில் தெரியவில்லை. ஜன்னல் வழியாக என்று உளறினேன். "பள்ளிக்கூடத்துல இத்தனை வருஷம் என்னத்தைக் கிழிச்ச?" என்று சிரித்துவிட்டுப் படியேறிப் போனார்.

கதவு என்பது அவர் பெயரல்ல. யார் வீட்டுக்குள் நுழைந்தாலும் வா என்று சொல்வதற்கு முன்பே "கதவு!" என்று கத்துவார். மூடு என்றுகூடச் சொல்ல மாட்டார். அந்தச் சத்தமே அவருக்குப் பெயராக ஒட்டிக்கொண்டது.

வேலை, பஸ் டிப்போவில். கிழிந்த சீட்டுகளைப் பிரித்து, நசுங்கிப்போன ஃபோமை எடுத்துவிட்டுப் புதியதை வைத்து, ரெக்சினை இழுத்துத் தைக்க வேண்டும். வெட்டி மிஞ்சிய துண்டுகளை டிப்போவில் குப்பை என்பார்கள். மாமா அவற்றைச் சாக்கில் கட்டித் தோளில் போட்டுக்கொண்டு வருவார். வீட்டுக்கு வந்ததும் புறங்கையைத் தண்ணீரில் நனைத்து, ஜன்னல் சட்டத்தை ஒட்டி மெதுவாக நகர்த்துவார். எங்கே சுருக்கென்று குளிர்கிறதோ அங்கே இடுக்கு. அந்த இடுக்கில் ஃபோமைத் திணித்து, மேலே ரெக்சினைப் பசை போட்டு ஒட்டிவிடுவார். கதவுக்கு அடியில் போட ரெக்சினில் நீளமான திண்டு தைத்தார்.

கேஸ் விலை ஏறிய வருஷம் அவர் பாடு கொண்டாட்டம். "மாமா, நம்ம வீட்டுக்கும் ஒரு எட்டு வந்துட்டுப் போங்க" என்று ஆளாளுக்குக் கூப்பிட்டார்கள். சுவரில் துளை கண்ணில் பட்டால் அதையும் அடைத்துவிடுவார். காசு வாங்க மாட்டார். புகழ்ந்தால் போதும்.

அத்தைக்கு, அதாவது அவர் மனைவிக்கு, இது பிடிக்கவில்லை. "ஊருக்கெல்லாம் இடுக்கு அடைக்கிறாரு. என் தையல் மெஷின் பெல்ட்டு அறுந்து ஒரு மாசமாச்சு, அது கண்ணுல படுதா?"

"அதுல என்ன குளிரா அடிக்குது?" என்பார் மாமா.

அவருக்கு ஒரு அக்கா உண்டு. கீழ்த்தளத்தில் தனியாக இருந்தார். தாய் தகப்பன் சீக்கிரமே போய்விட, தம்பியை வளர்த்ததே அக்காதான். அப்போது இருந்த ஒற்றை அறைக் கதவு சரியாகப் பொருந்தாது. இருந்த ஒரு போர்வையைத் தம்பிக்குப் போர்த்திவிட்டு, கதவிடுக்கில் முதுகைக் கொடுத்து அக்கா படுத்துக்கொள்வார். காற்று அக்காவைத் தாண்டி உள்ளே வராது. மாமாவின் கதவுப் பைத்தியம் எங்கிருந்து தொடங்கியது என்று அத்தைக்குக்கூட இது தெரிந்த பிறகுதான் புரிந்தது.

அந்த அக்கா இப்போது கேஸ் மீட்டருக்குப் பயந்து, ஸ்வெட்டருக்கு மேல் ஸ்வெட்டராகப் போட்டுக்கொண்டு, ஹீட்டரைப் போடாமல் உட்கார்ந்திருந்தார். விரலெல்லாம் வீங்கிப் பொத்தான் போட முடியவில்லை. மாமாவுக்குப் பொறுக்கவில்லை. "நீ ஹீட்டரைப் போடு. ஒரு பொட்டு சூடு வெளியே போகாம நான் பார்த்துக்கறேன்" என்று சொல்லி, எந்த வீட்டுக்கும் செய்யாத அளவுக்கு ஒவ்வொரு இடுக்காக அடைத்தார்.

வீடு கதகதப்பானது. அக்காவின் விரல் வீக்கமும் வடிந்தது. ஆனால் தலைவலி வந்தது.

"காலையில எழுந்தா மண்டையைப் பிளக்குதுடா. குமட்டல் வேற. உன் வீட்டுக்கு ஏறி வந்து கொஞ்ச நேரம் உட்கார்ந்தா போயிடுது."

மாமாவுக்குப் பெருமை தாங்கவில்லை. "நம்ம வீடு அப்படி! கீழே இன்னும் எங்கேயோ குளிர் வருது, அதான் உனக்குத் தலைக்கு ஏறுது."

"குளிரலையே தம்பி."

"உனக்குத் தெரியாது. சும்மா இரு."

மாமா வீட்டில் இருந்தது சின்ன மின்சார ஹீட்டர். அக்கா வீட்டில் இருந்தது பழைய கேஸ் ஹீட்டர். அதற்குப் புகைக்குழாய் கிடையாது. இந்த வித்தியாசம் அவருக்குத் தோன்றவே இல்லை. ஈரப் புறங்கையோடு மறுபடியும் இறங்கிப் போனார். அலமாரியை நகர்த்திப் பார்த்தால், கூரையை ஒட்டிச் சுவரில் கையகலத்துக்கு ஒரு சதுரத் துளை. கம்பி வலை போட்டிருந்தது. காற்று ஜிலுஜிலுவென்று வந்தது.

"பார்த்தியா? திருடன் இங்க உட்கார்ந்திருக்கான்!"

"அது கட்டும்போதே விட்ட துளைடா. ஏதாவது காரணம் இருக்கும்."

"காரணமா? கட்டினவன் அரைகுறையா விட்டுட்டுப் போயிருப்பான்."

பஸ் சீட்டுக்கு வைக்கிற கெட்டி ஃபோமை அளந்து வெட்டி இறுக்கினார். மேலே நீல ரெக்சினை ஒட்டினார். ஓரத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லை. அக்கா அண்ணாந்து பார்த்து, "சீட்டு மாதிரியே இருக்கு. ஏறி உட்கார வேண்டியதுதான்" என்றார். இரண்டு பேரும் சிரித்தார்கள்.

மறுநாள் மதியம் அக்கா மேலே வரவில்லை. மாமா சாப்பாட்டை எடுத்துக்கொண்டு போனார். தன்னிடம் இருந்த சாவியால் திறந்தார். உள்ளே அடுப்பங்கரை மாதிரி சூடு. அக்கா நாற்காலியில் சாய்ந்திருந்தார். கன்னமெல்லாம் சிவந்து, நன்றாகத் தூங்குகிறவர் போல இருந்தார். ஒரு கணம் மாமாவின் மனதில், வீடு எப்படிக் கதகதவென்று இருக்கிறது பார் என்றுதான் ஓடியது. பழக்கத்தில் கதவையும் மூடிவிட்டார். பிறகுதான் அக்காவின் கையைத் தொட்டார்.

வந்த தீயணைப்புக்காரர் முதலில் ஜன்னல்களைத் திறந்தார். பிறகு அண்ணாந்து பார்த்தார்.

"இதை யாரு அடைச்சது?"

"நான்தான்."

"கேஸ் எரியறதுக்குக் காத்து வேணும் ஐயா. காத்து பத்தலைன்னா அந்தப் புகை விஷமாகும். வாசனை வராது, கண்ணுக்கும் தெரியாது. அவங்களுக்குத் தலைவலி, குமட்டல் இருந்துச்சா?"

மாமா நாற்காலி போட்டு ஏறி, அந்த ரெக்சினை நகத்தால் பிய்க்கப் பார்த்தார். வரவில்லை. அவ்வளவு நன்றாக ஒட்டியிருந்தார்.

அக்காவின் காரியங்கள் முடிந்ததும், தான் அடைத்த வீடுகளுக்கெல்லாம் கத்தியோடு கிளம்பினார். சிலர் துளையைத் திறக்க விட்டார்கள். சிலர், பாவம், மனம் பேதலித்துவிட்டது என்று உள்ளேயே விடவில்லை. டாக்சிக்காரர் ஒருவர் வீட்டில் வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். அங்கேயும் அதே மாதிரி கேஸ் ஹீட்டர், அதே மாதிரி துளை, அதே நீல ரெக்சின்.

"மாமா, உங்க அக்காவுக்கு வயசாயிடுச்சு. அதுக்காக எங்க வீட்டுப் பிள்ளைங்க நடுங்கணுமா?"

"வயசு இல்லப்பா, அந்தத் துளைதான். அதை மட்டும் திறந்துட்டுப் போயிடறேன். ஜன்னல் அப்படியே இருக்கட்டும்."

"நீங்கதானே ஒரு பொட்டு சூடு போகாதுன்னு சொன்னீங்க? இப்போ நீங்களே திறக்கச் சொல்றீங்க. பில்லை நீங்க கட்டுவீங்களா? நகருங்க, குளிர் உள்ளே வருது. கதவு!"

கதவு சாத்திக்கொண்டது. மாமா தைத்துக் கொடுத்த திண்டு உள்பக்கமாக வந்து இடுக்கில் அழுந்தியது.

வீட்டுக்கு வந்தவரிடம் அத்தை, "நீங்க சொன்னா இனிமே யாரு கேட்பாங்க?" என்றார். திட்டவில்லை. அழுதுகொண்டேதான் சொன்னார்.

டாக்சிக்காரர் வீட்டில் அந்தத் துளை இன்றும் அடைத்தபடியே இருக்கிறது. நானும் போய்ச் சொல்லிப் பார்த்தேன். வேலை வெட்டி இல்லாத பையன் என்று சிரித்தார்கள். அதனால்தான் எழுதுகிறேன். ஜன்னல் இடுக்கை அடையுங்கள், கதவடியில் திண்டு போடுங்கள், காசை மிச்சம் பிடியுங்கள். ஆனால் கேஸ் எரிகிற அறையில் சுவரில் விட்ட துளையைத் தொடாதீர்கள், அலமாரி வைத்தும் மறைக்காதீர்கள். வீட்டில் இருந்தால் வந்து, வெளியே போனால் விடுகிற தலைவலியைக் குளிர் என்று நினைக்காதீர்கள். கேஸ் ஹீட்டர் வைத்திருக்கிற யாராவது உங்களுக்குத் தெரிந்தவர்கள் இருப்பார்கள். அவர்களுக்கு இந்தக் கதையைச் சொல்லுங்கள். கதவு மாமா சொன்னால் கேட்க மாட்டார்கள். நீங்கள் சொன்னால் ஒருவேளை கேட்பார்கள்.