வாராத தலை

ஹைதராபாத் கொண்டாப்பூரில் மகன் வீட்டுக்குக் கீழே மக்காச்சோளம் சுடுகிற வண்டி நிற்கிறது. அந்தக் கரிப்புகை மேலே ஏறி வரும்போதெல்லாம் என் கை தானாகவே தலைமுடியை ஒதுக்கிக்கொள்கிறது.

செகந்திராபாத்தில் நாங்கள் இருந்த ரயில்வே குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் நீராவி எஞ்சின்கள் சாம்பல் கொட்டுகிற மேடு ஒன்று இருந்தது. இப்போது அந்த எஞ்சினும் இல்லை, மேடும் இல்லை. அப்போது விடிந்ததும் பிள்ளைகள் நாங்கள் தகர டப்பாவோடு போய், சூடு ஆறாத சாம்பலைக் கிளறி எரியாத கரியைப் பொறுக்குவோம். எஞ்சின் மேலே நின்று அடுப்புக்குக் கரி அள்ளிப்போடுகிற ஃபயர்மேனுக்கு யார் மேலாவது இரக்கம் வந்தால் நல்ல கரியாகவே தள்ளிவிடுவார். அந்த இரக்கம் எதைப் பார்த்து வரும் என்பது அம்மாவுக்குத் தெரியும்.

"வாரிப் பின்னிக்கினு போனா எவன்டி போடுவான்? இப்படியே போ" என்று எண்ணெய் காணாத தலையோடு அனுப்புவாள். எனக்குத்தான் அதிகம் விழும்.

ஒருநாள் ஒரு ஃபயர்மேன் குனிந்து என்னையே பார்த்தார். "பாப்பா, நாளைக்குத் தலை வாரிக்கினே வா. அப்பவும் கரி போடுறேன்னு உங்கம்மாகிட்ட சொல்லு" என்றார். மற்ற பிள்ளைகள் சிரித்தார்கள்.

அப்படியே வந்து சொன்னேன். மறுநாள் அம்மா வலிக்க வலிக்க வாரி, இறுக்கிப் பின்னி, டப்பாவை நீட்டினாள். எனக்குப் போகக் கூச்சமாக இருந்தது. கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு முந்தானையை முகம் மறையும்படி இழுத்துவிட்டுக்கொண்டு, அவளே டப்பாவோடு மேட்டுக்குப் போனாள்.